நாங்களும் வரி கட்டுகின்றோம்
பெறுமதி சேர் வரியும் பெருந்தோட்டப் பெண்களும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மகளிர் சேமிப்புக் குழுக் கூட்டம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு பிள்ளைக் காம்பராவின் வாசலில் இருபது பேரளவில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சைத் தொடங்குவதற்காக, "இந்த நாட்டில் யார் யார் வரி கட்டுகின்றார்கள்?" என்று கேட்டேன். துரைமார் என்றார் ஒருவர். கடை முதலாளிமார் என்றார் இன்னொருவர். கொழும்பில் இருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள் என்று பட்டியல் நீண்டது. தங்களை எவரும் சொல்லவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா சிரித்துக்கொண்டே, "வரி கட்டுற அளவுக்கு இருந்தா நாங்க ஏன் மிஸ் இந்த லயத்தில கிடக்கிறோம்?" என்றார்.

அவருடைய மடியில் கடைக் கொப்பி இருந்தது. மாதம் முழுவதும் தோட்டத்துக் கடையில் கடனுக்கு எடுத்த சாமான்களின் கணக்கு அது. அனுமதி கேட்டு வாங்கி எல்லோருமாகப் பார்த்தோம். அரிசி, மா, பாண், மரக்கறி ஆகியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினோம். சவர்க்காரம், சலவைத்தூள், பற்பசை, ஷாம்பு பக்கெட், பிஸ்கட், நூடில்ஸ், பிள்ளையின் சப்பாத்து, பேட், போனுக்கு ரீலோட் என்று மற்றவற்றைக் கூட்டினோம். 9,800 ரூபா வந்தது. கடைக்காரரின் இலாபத்தைக் கழித்துப் பார்த்தாலும் அதற்குள் பெறுமதி சேர் வரியாக மட்டும் 1,300 ரூபாவளவில் இருக்கின்றது.

அந்த அக்காவுக்கு இதனை வேறு விதமாகச் சொன்னேன். 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,550 ரூபாவும் வருகைக்கான 200 ரூபாவும் சேர்ந்து 1,750 ரூபா என 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், மாதத்தில் ஒரு நாள் முழுப் பேரில் முக்கால் பங்கை அவர் வரிக்காகக் கொழுந்து பறிக்கின்றார். நிறை குறைந்து அரைப் பேர் விழுந்த நாளென்றால் அந்த நாளின் உழைப்பு முழுவதும் போதாது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இதனை வாசிக்கும் சகோதரிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. கிளிநொச்சிக் கடைக் கொப்பிக்கும் பசறைக் கடைக் கொப்பிக்கும் வேறுபாடு அதிகமில்லை.

எங்கே தொடங்கியது?

நாடு முழுவதற்குமான விற்பனை வரி நமக்குப் புதிதல்ல. புரள்வு வரி என்ற பெயரில் முன்னரே இருந்தது. 1998 ஏப்ரல் மாதத்தில் பொருட்கள் சேவைகள் வரி 12.5 வீதமாக அறிமுகமானது. அதே காலத்தில் தேசிய பாதுகாப்பு வரி என்று இன்னொன்றும் நடைமுறையில் இருந்தது. 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் யுத்தச் செலவுக்காகக் கொண்டுவரப்பட்ட வரி அது. விற்பனையின் மீதே விதிக்கப்பட்டதால் பொருளின் விலைக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. வன்னியில் பொருளாதாரத் தடைக்குள் ஒரு சவர்க்காரக் கட்டிக்காக அலைந்த தாய்மாரும், இங்கே லயத்தில் கடனுக்கு அதனை வாங்கிய தாய்மாரும், தாங்கள் அறியாமலே யுத்தத்துக்குப் பணம் கட்டியிருக்கின்றார்கள். இதைப் பற்றி நம்மில் எவரும் அன்று பேசியதில்லை.

2002 ஓகஸ்ட் மாதத்தில் இவ்விரண்டும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பெறுமதி சேர் வரி வந்தது. வற் என்று நாம் சொல்வது இதனையே. 2009 பெப்ரவரியில் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்று மேலும் ஒன்று சேர்ந்தது. 2019 டிசம்பரில் வற் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. அரசின் வருமானம் விழுந்தது. 2022 நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணம். பிறகு அதே ஆண்டு ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதம் என்று ஏறியது. 2022 ஒக்டோபர் முதல் 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி வேறு. 2024 இல் வீதம் கூடியதோடு, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பல பொருட்களும் வலைக்குள் வந்தன. சமையல் எரிவாயு, டீசல், பெற்றோல், கைத்தொலைபேசி, புத்தகம் என்பன அவற்றுள் சில.

வரியே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து கிடைப்பதும் பிள்ளைகளுக்குப் பாடநூல் கிடைப்பதும் வரிப் பணத்தில்தான். ஆனால் இந்த வரி காகிதத்தில் ஒரு விதமாகவும் தோட்டத்துக் கடையில் வேறு விதமாகவும் வேலை செய்கின்றது. அதைத்தான் சொல்ல வருகின்றேன்.

கடைசியில் நிற்பவர்

சவர்க்காரத்தை உற்பத்தி செய்யும் கம்பனி மூலப்பொருள் வாங்கும்போது வரி கொடுக்கின்றது. விற்கும்போது வரி வாங்குகின்றது. வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்து மிகுதியை அரசுக்குச் செலுத்துகின்றது. மொத்த வியாபாரியும் அவ்வாறே. இப்படிக் கைமாறிக் கைமாறி வந்து, கழித்துக்கொள்ள வழியில்லாத ஒருவரிடம் வரி நிற்கின்றது. அவர்தான் அதைத் தேய்த்துக் குளிப்பவர்.

தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிப் பொருளுக்கு இந்த வரி பூச்சியம். ஏற்றுமதியாளர் தாம் வாங்கிய பொருட்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பவும் கோரலாம். இந்த வரி உள்ள நாடுகளில் பொதுவாக இதுதான் முறை, அதில் தவறில்லை. எனினும் ஊவாவின் கொழுந்து வரியின்றிக் கப்பலேறுகின்றது, அதைப் பறித்த பெண் தேத்தண்ணியோடு தின்னும் பிஸ்கட்டுக்கு 18 வீதம் கட்டுகின்றார் என்பதை லயத்து வாசலில் இருந்து பார்க்கும்போது மனதுக்கு ஒவ்வவில்லை.

திரும்பக் கொடுக்கும் இந்த முறையில் ஓட்டையும் இருந்தது. வற் அறிமுகமான முதல் ஆண்டுகளிலேயே, செய்யாத ஏற்றுமதியைச் செய்ததாகக் காட்டி, மீளளிப்பு என்ற பெயரில் 350 கோடி ரூபாவுக்கு மேல் அரச பணம் மோசடி செய்யப்பட்டமை பின்னர் வெளிவந்தது. பெரியவர்களுக்குப் போலிக் காகிதத்துக்கும் பணம் திரும்பியது. நமக்கு உண்மையான பற்றுச்சீட்டு இருந்தாலும் திரும்பாது.

அரிசி, பாண், மரக்கறி போன்றவற்றுக்கு வற் இல்லையே என்பார்கள். உண்மை. ஆனால் வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிவரும் லொறி ஓடுவது டீசலில். பஸ் கட்டணத்துக்கு வற் இல்லை, அதனாலேயே பஸ்காரர் டீசலுக்குக் கட்டிய வரியை எங்கும் கழிக்க முடியாது. கட்டணத்துக்குள் அது வந்து சேர்கின்றது. பதுளை ரவுணிலிருந்து மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் போகப் போக ஒவ்வொரு சாமானின் மீதும் இந்தத் தூரத்தின் வரி ஏறுகின்றது. பருப்பு, சீனி, வெங்காயம் போன்ற இறக்குமதிப் பண்டங்களுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று விசேட பண்ட வரி தனியாக இருக்கின்றது.

ஏறினால் அன்றே, இறங்கினால் என்றோ

சீனியின் கதை ஞாபகமிருக்கலாம். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி ஒரு கிலோவுக்கான வரி 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் சீனியின் விலை அவ்வளவுக்கு இறங்கவில்லை. அரசு இழந்தது 1,500 கோடி ரூபாவுக்கும் அதிகம் என்று பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டது. 2023 நவம்பரில் அதே வரி மீண்டும் 50 ரூபாவானது. அப்போது விலை ஏற நாள் எடுக்கவில்லை, பழைய வரியில் வந்த சீனிக்கும் புதிய விலை.

2016 இலும் இதுதான். மே மாதத்தில் வற் 15 வீதமாக்கப்பட்டது, ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது, நவம்பரில் மீண்டும் வந்தது. ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில் எந்தக் கடையிலாவது விலை இறங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. வரியின் வீதத்தைச் சட்டம் தீர்மானிக்கின்றது. கொப்பியில் எழுதும் விலையைக் கடைக்காரர் தீர்மானிக்கின்றார். வேறு கடைக்குப் போக முடியாதவாறு பழைய கடன் பிடித்து வைத்திருக்கும்போது, விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்பது யார்?

பேட்டும் வரியும்

நாம் கூச்சத்தோடு கடதாசியில் சுற்றி வாங்கும் பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 செப்டெம்பர் வரை இறக்குமதியாகும் பேட்டுக்கான மொத்த வரி 101.2 வீதமாக இருந்தது. பொருளின் பெறுமதியை விட வரி கூட! செஸ் வரி நீக்கப்பட்ட பின் அது 62.6 வீதமாகக் குறைந்தது. 2022 இல் மூலப்பொருட்கள் சிலவற்றின் இறக்குமதி வரிகளும் நீக்கப்பட்டன. ஆனால் வற் நீங்கவில்லை, 2024 இல் அது 18 வீதமாக உயர்ந்தது. அதே ஆண்டில் தெரிவு செய்யப்பட்ட பாடசாலை மாணவியருக்குப் பேட் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கப்பட்டது நல்ல விடயம். பாடசாலையை விட்டு விலகி வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும், மலையில் எட்டு மணித்தியாலம் நிற்கும் தாய்க்கும் வவுச்சர் இல்லை. மலசலகூடம் இல்லாத மலையில் துணியை மாற்றுவது எப்படி என்பதை எந்த வரி அட்டவணையும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தியாவில் 2017 இல் பொருட்கள் சேவை வரி வந்தபோது பேட்டுக்கு 12 வீதம் போட்டார்கள். பெண்கள் விடாமல் குரல் எழுப்பி, 2018 ஜூலையில் அது நீக்கப்பட்டது. ஆயினும் விலை 12 வீதம் முழுவதும் இறங்கவில்லை. விற்கும் பொருளுக்கு வரி இல்லை என்றால் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை உற்பத்தியாளர் திரும்பப் பெற முடியாது, அதனை விலையிலேயே சேர்ப்பார். ஏற்றுமதித் தேயிலைக்குக் கொடுப்பது போன்ற பூச்சிய வீதத்தைக் கொடுத்தால்தான் பலன் முழுமையாக வந்து சேரும். விலக்கு வேண்டும் என்று கேட்கும்போது எந்த விலக்கு என்பதையும் நாம் அறிந்து கேட்க வேண்டியிருக்கின்றது.

சிறுதொழில் செய்பவர்களுக்கு

யுத்தத்தால் கணவரை இழந்த பெண்களுக்கும், இங்கே தோட்டத்தில் வேலை குறைந்த பெண்களுக்கும் எல்லா நிறுவனங்களும் சொல்லும் ஆலோசனை சுயதொழில் செய்யுங்கள் என்பதே. நானும் சொல்லியிருக்கின்றேன். ஹாலிஎலப் பக்கம் ஒரு குழுவினர் முறுக்கும் மிக்சரும் பொதி செய்து விற்கின்றார்கள். பொலித்தீன் பை, லேபல் அச்சு, பொதி ஒட்டும் இயந்திரம், எரிவாயு என அவர்கள் வாங்கும் பலவற்றில் வரி உண்டு. 1,00,000 ரூபா பெறுமதியான இத்தகைய பொருட்களுக்கு 1,18,000 ரூபா கொடுக்கின்றார்கள். பெரிய கம்பனியும் அதையே கொடுக்கின்றது, ஆனால் அந்த 18,000 ரூபாவைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்கின்றது. நமது குழு பதிவு செய்யாதது. அந்த 18,000 ரூபா முறுக்கின் விலையில் உட்கார்ந்துவிடுகின்றது.

பதிவு செய்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். 2024 இல் ஆண்டுக்கு 6 கோடி ரூபா விற்பனை உள்ளவர்களுக்கே கட்டாயப் பதிவு என்றானது. அதை 3.6 கோடியாகக் குறைப்பதென 2025 நவம்பரில் முன்மொழியப்பட்டது. எப்படியிருந்தாலும் நமது குழுவின் விற்பனை அதற்கு அருகிலும் இல்லை. விரும்பிப் பதிவு செய்தால் மாதாந்தம் கணக்கு, படிவம், கணக்காளர் கூலி. அதனால் வெளியில் நிற்பதே மேல் என்று நிற்கின்றார்கள். ரவுணில் ஒரு வாடிக்கை நிறுவனம், வரிப் பற்றுச்சீட்டு தரக்கூடியவரிடமே இனி வாங்குவோம் என்று சொல்லி இவர்களை நிறுத்திவிட்டது. ஆறு பெண்களின் வேலை மூன்று பெண்களின் வேலையாகிவிட்டது.

2024 ஆரம்பத்தில் 18 வயதுக்கு மேற்பட்டோர் வரி அடையாள இலக்கம் பெற வேண்டும் என்று செய்தி வந்தபோது லயங்களில் பெரும் பயம். இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். இலக்கம் வேறு, வருமான வரி வேறு. 2025 ஏப்ரல் முதல் மாத வருமானம் 1,50,000 ரூபா வரை வருமான வரி இல்லை. நாம் பயப்பட வேண்டிய வரி அலுவலகத்தில் இருந்து வரவில்லை, அது ஏற்கெனவே கொப்பியில் இருக்கின்றது.

மாகாணத்துக்கு என்ன மிஞ்சியது?

அதிகம் பேசப்படாத விடயம் ஒன்று. 13 ஆவது திருத்தத்தின்படி மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரியை மாகாண சபைகளே அறவிட்டன. 2011 ஜனவரி முதல் அது நிறுத்தப்பட்டது. பதிலாக, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என்றார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியே இல்லாமற் போனது. ஊவா மாகாண சபையாயினும் வட மாகாண சபையாயினும், சொந்தக் கையில் இருந்த வருமானம் கொழும்புக்குப் போய், பிறகு அதன் பங்கும் மறைந்துவிட்டது. மாகாணப் பாடசாலையின் கூரை ஒழுகும்போது கொழும்பைப் பார்த்தே கையேந்த வேண்டியிருக்கின்றது. கட்டிய வரி நம் ஊருக்கு என்ன செய்தது என்று கேட்க, பக்கத்தில் ஒரு கதவு முன்பு இருந்தது.

நிவாரணம் இருக்கின்றதே என்பவர்களுக்கு: 2023 ஜூலை முதல் அஸ்வெசும கொடுக்கப்படுகின்றது. அதற்கு விண்ணப்பம், விலாசம், வங்கிக் கணக்கு, பெயர்ப்பட்டியல், மேன்முறையீடு எல்லாம் வேண்டும். பத்துக் குடும்பத்துக்கு ஒரே லய விலாசம் உள்ள இடத்தில் இவை எளிதல்ல. வரிக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. 2019 அரச கணக்கெடுப்பில் வறுமை நகரத்தில் 6 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். இரண்டு இடத்திலும் சவர்க்காரத்துக்கு ஒரே வரி.

பில் கேட்பது

இவ்வளவும் கேட்டபின், "இப்ப நாங்க என்ன செய்யிறது மிஸ்?" என்றார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வற் பதிவு செய்த கடையே பில்லில் வற் என்று தனியாக அறவிடலாம். பதிவுச் சான்றிதழ் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும். வற் இலக்கம் 7000 என்று முடியும். அந்த இலக்கம் இல்லாத பில்லில் வற் சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தொலைபேசி 1944. கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும், விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதற்கான முறைப்பாட்டு இலக்கம் 1977.

குழுவிலிருந்த இளம் தாய் ஒருவர் உடனே எழுந்து, கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து வந்தார். ரவுண் கடையொன்றில் பிள்ளைக்குப் புத்தகப் பையும் சப்பாத்தும் வாங்கியதற்குக் கையால் எழுதிய பில். 2,500 ரூபா, அதன் கீழே வற் 450 ரூபா. எந்த இலக்கமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை நானும் அவருமாகப் போனோம். சான்றிதழைக் காட்டும்படி கேட்டோம். கடைக்காரர் முதலில் கோபித்தார், பிறகு பேசாமல் 450 ரூபாவை மேசையில் வைத்தார். அந்தத் தாய் அதனை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுவதும் அவர் வாய் ஓயவில்லை.

ஆனால் அது காசு கொடுத்து வாங்கிய கடை. கொப்பி வைத்திருந்த அக்கா கூட்டம் முடியும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "தோட்டத்துக் கடையில நான் பில் கேட்டா, நாளைக்கு கடன் இல்லைனு சொல்லிட்டா பிள்ளைங்களுக்கு என்னத்த கொடுக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. குழுவிலுள்ளவர்கள்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். சம்பள நாளில் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, சவர்க்காரம், சலவைத்தூள், பேட் மூன்றையும் பதுளையில் மொத்தக் கடையில் காசுக்கு வாங்கி, பில்லோடு கொண்டுவந்து பங்கிடுவது. முதல் மாதத்துக்குப் பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கின்றார்கள். அந்த அக்காவின் பெயரும் அதில் இருக்கின்றது.